ரயில் போன தடத்தில் தலைவர் சைக்கிள் விட்டது

மொந்த்ரீனா,
ஞாயிற்றுக்கிழமை, மதியம்.

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய ஒந்தீனா அக்காவுக்கு,

தம்பி எர்மானோ எழுதிக்கொள்வது. இங்கே நான் ஒரு முழங்கால், ஒரு முழங்கை, மூக்கு நுனி ஆகிய மூன்றும் நீங்கலாக நலம். அங்கே நீயும், லீவியோ அத்தானும், அத்தானின் கால் வீக்கமும், பால்கனியில் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும் அந்தக் கிளியும் நலமாக இருக்கப் புனித அந்தோனியாரை வேண்டிக்கொள்கிறேன். புதன்கிழமையிலிருந்து உன் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி நேவியாவும் நலமாகவே இருப்பாள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் அவள் கண்ணில் படக் கூடாது. அடுப்படியில் வைத்து வாசிக்காதே, அவள் அங்கேதான் இருப்பாள். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாசி. போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்ததும் நீ "என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று ஆரம்பிப்பாய், நான் அழுதுவிடுவேன், ஒன்றும் விளங்காது. அதனால்தான் எழுத்து.

ஊர் உன் காதில் என்ன போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்கும் ஓய்வுபெற்ற தபால்காரி அல்பீனாவுக்கும் பழைய ரயில் சுரங்கத்துக்குள் ஏதோ நடக்கிறது என்று போட்டிருக்கிறது. நடந்தது உண்மை. ஆனால் நடந்தது அது இல்லை. இந்த உலகத்தில் என்னைப் பற்றிய ஒரு ரகசியம் உனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது அக்கா. அப்பாவிடம் இருந்தது கழுதை. நம் ஊர்ச் சந்துகள் எல்லாம் கூரைமேல் ஏறுகிற மாதிரி செங்குத்து. சைக்கிள் வைத்திருந்த வீடுகள் எல்லாம் கீழே சமவெளியில். உன் தம்பி சலூன் வைத்து, ஊர் ஆண்கள் அத்தனை பேர் தலையிலும் கத்தரி போட்டு, கல்யாணம் கட்டி, பேரன் பேத்தியும் பார்த்துவிட்டான். சைக்கிள் விட மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்படியே செத்துப் போயிருந்தால் கௌரவமாகப் போயிருப்பேன். நடுவில் ரயில் வந்து கெடுத்தது.

ரயில் என்றால் ஓடுகிற ரயில் இல்லை. அப்பா சின்னப் பையனாக இருந்தபோதே நின்றுபோன அந்தக் குட்டி ரயில். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன பிறகு தடம் மட்டும் மலையைச் சுற்றிச் சுற்றிக் கிடந்ததே, நாம் முள்ளுக்குள் புகுந்து காட்டுக் கீரை பறிப்போமே, அதேதான். அதைத் துப்புரவாக்கி, பொடிக்கல் போட்டு, உங்கள் திரியெஸ்தே நகரத்திலிருந்து தெற்கே கடலோரக் கடைசி ஊர் வரைக்கும் நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒரே நீளப் பாதையாக ஆக்கப் போகிறோம், வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊரும் தன் பங்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மாவட்டத்திலிருந்து ஆள் வந்து கூட்டம் போட்டார். நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். காபிக்கடை துய்லியோ எழுந்து, "இதெல்லாம் வெளிநாட்டு இளவட்டங்களுக்குய்யா. நம்மள மாதிரி கிழடுங்களுக்கு என்ன பிரயோஜனம்?" என்றான். துய்லியோ எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராகப் பேசுவது சலூன் காலத்திலிருந்து எனக்கு ஒரு வியாதி. நான் எழுந்தேன். "யாருய்யா கிழடு? இந்த ஊர்ல சைக்கிள் விடத் தெரியாத ஆம்பள எவனாவது இருக்கானா? இருந்தா கைய தூக்கு பாப்போம்!" என்று முழங்கினேன். ஒரு கையும் எழவில்லை. என் கையும் எழவில்லை. மண்டபமே கை தட்டியது. கை தட்டல் முடிவதற்குள் பாதைக்குழுவுக்கு என்னைத் தலைவராக ஆக்கிவிட்டார்கள்.

தலைவர் பதவி நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். முள் வெட்டினோம், புதர் எரித்தோம், பள்ளத்தாக்கின் மேலே நிற்கிற கல் பாலத்துக்குக் கம்பித் தடுப்புப் போட்டோம். மாத்தியோ சுரங்கத்துக்குள் பன்றி வளர்த்துக்கொண்டிருந்தான். காலி பண்ணச் சொன்னால், "அதுங்க பொறந்த வீடு தலைவரே, நீங்களே உள்ள போய் அதுங்ககிட்ட பேசிப் பாருங்க" என்றான். நான் உள்ளே போய்ப் பேசினேன். வெளியே வந்தபோது என் செருப்பு ஒன்று இல்லை. அதற்கப்புறம் எனக்கு வீறாப்பு வந்து, 'ரயில் நிலையத்திலிருந்தும் தடத்திலிருந்தும் பெயர்த்துக் கொண்டுபோன கற்களை எல்லாம் உடனடியாகத் திருப்பி ஒப்படைக்கவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி தேவாலயக் கதவில் ஒட்டினேன். அடுத்த நாள் நேவியா என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், "இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு உங்க அப்பா சொன்னது ஞாபகம் இருக்கா?" என்று நம் வீட்டு வாசல்படியைக் காட்டினாள். அது ரயில் நிலையத்து நடைமேடைக் கல். அதையும் பெயர்த்துக் கொடுத்தேன். இப்போது எங்கள் வீட்டுக்குள் வருகிறவர்கள் கொஞ்சம் தாவித்தான் வர வேண்டும்.

எல்லாம் முடிந்து திறப்பு விழாவுக்குச் சனிக்கிழமை குறித்தார்கள். நம் ஊர் ரயில் நிலையத்தில் கிளம்பி, பாலம் தாண்டி, சுரங்கம் தாண்டி, அடுத்த ஊர் நிலையத்தில் ரிப்பன். அங்கே மாவட்டத் தலைவி கத்தரியோடு நிற்பார், பேண்டு வாத்தியம், காட்டு அஸ்பராகஸ் தண்டு போட்ட முட்டைப் பொரியல், ஹாம், வெள்ளை ஒயின். எல்லாம் சரி. கடைசியில் பாதிரியார் எழுந்து, "முதல் சைக்கிள் நம்ம தலைவரோடது. அவர் முன்னால போவார், ஊர் பின்னால போகும்" என்றார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து ஒரு பெரிய டம்ளர் கிராப்பா சாராயம் குடித்துவிட்டு, கொல்லையில் கோழிகளுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். காய்ச்சல் வரலாம். கால் ஒடியலாம். துய்லியோ சாகலாம், விழாவைத் தள்ளி வைப்பார்கள். எதுவும் நம்பிக்கை தருவதாக இல்லை. அதனால்தான் அல்பீனாவிடம் போனேன்.

அல்பீனா கீழூர்களுக்கெல்லாம் மஞ்சள் சைக்கிளில் தபால் கொண்டுபோனவள். புருஷன் போன பிறகு ஒருத்தர் ஒரு சொல் சொல்ல இடம் கொடுக்காமல் வாழ்ந்தவள். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. "சரி, யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். மறுநாள் வந்து, "காலைல ஆள் நடமாட்டம் வர்றதுக்கு முன்னாடி சுரங்கத்துக்கிட்ட வந்துடுங்க, தடிமனான கால்சட்டையா போட்டுட்டு வாங்க" என்றாள்.

அக்கா, அந்தக் காலைகளைப் பற்றி நான் என்ன எழுதுவேன். பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. அந்தக் கிழட்டு மஞ்சள் சைக்கிள்மேல் நான். பின்னால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு அல்பீனா ஓடி வருவாள். "சக்கரத்தப் பாக்காதீங்க! தூரமாப் பாருங்க!" என்பாள். தூரமாகப் பார்ப்பேன், முள்ளுக்குள் போவேன். "கைப்பிடிய இப்படி நெரிக்காதீங்க எர்மானோ. அது உங்க வாடிக்கையாளர் இல்ல, எந்திரிச்சு ஓடிடாது" என்பாள். ஒருநாள் பயத்தில் முன்பக்க பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. அன்றிலிருந்து பிரேக் பக்கம் விரலைக் கொண்டுபோகவே மாட்டேன். அல்பீனாவும், "சரி, அதத் தொடாதீங்க. மொதல்ல ஓட்டுங்க. நிறுத்துறது, இறங்குறதெல்லாம் தனிப் பாடம்" என்றாள். அந்தப் பாடத்தை வியாழக்கிழமைக்கு வைத்திருந்தோம். இடையில் நான் உண்மையாகவே ஓட்டினேன் அக்கா. ரயில் தடம்தானே, திடீர்த் திருப்பம் கிடையாது, திடீர் மேடு கிடையாது. ஒருநாள் சுரங்கத்தின் ஒரு வாயில் நுழைந்து மறு வாயில் வெளியே வந்து பாலத்து மேலே போனேன். கீழே பனி, மேலே வெயில். அல்பீனா எங்கோ பின்னால் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். இந்த வயதில் ஒரு மனுஷனுக்கு இப்படிச் சந்தோஷம் வருவது ஒழுங்கா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அதற்குத் தண்டனை மறுநாளே வந்தது. துய்லியோ விடியற்காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு மண்ணுக்கடியில் விளைகிற காளான் தேடப் போகிறவன். நாங்கள் இரண்டு பேரும் சுரங்கத்திலிருந்து வெளியே வருகிறோம். என் தலையெல்லாம் முள், சட்டைப் பித்தான் இரண்டு இல்லை, மூச்சு வாங்குகிறது. சைக்கிளை உள்ளேயே மறைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறோம். புதருக்குப் பின்னால் துய்லியோ நிற்பது தெரியாமல் அல்பீனா சத்தமாக, "இன்னைக்கு நல்லாவே தாங்குனீங்க. நாளைக்கு இன்னும் கொஞ்சம் வேகமாப் போலாம்" என்கிறாள். நாய்கூட என்னை ஒருமாதிரிப் பார்த்தது.

பத்து மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ரொட்டிக்கடையில் எனக்குத் தடித்த ரொட்டியாகப் பார்த்துக் கொடுத்து, "உடம்பப் பாத்துக்குங்க தலைவரே" என்றார்கள். மாத்தியோ, "என் பன்னிங்கள காலி பண்ணச் சொன்னப்பவே நினைச்சேன், இதுக்குத்தானா?" என்றான். கேள் அக்கா, உன் தம்பி எவ்வளவு பெரிய முட்டாள் என்பதை இந்த இடத்தில் நீ நன்றாகக் கவனிக்க வேண்டும். நான் மறுக்கவில்லை. சைக்கிள் தெரியாதவன் என்று பேர் வாங்குவதைவிட இந்தப் பேர் கொஞ்சம் மேல் என்று பட்டது. நடக்கும்போது வயிற்றைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டேன். அல்பீனா அன்று ரொட்டி வாங்க வரவில்லை என்பதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் நேவியா சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"துய்லியோ பொண்டாட்டி வந்துட்டுப் போனா."

"அவளுக்கு வேற வேலை இல்ல."

"நீங்க உங்க வாயால எனக்கு ஏதாவது சொல்லணுமா?"

"என்னத்தச் சொல்ல?"

"எதுவா இருந்தாலும். நான் கோவிச்சுக்க மாட்டேன். சொல்லுங்க."

அவள் அப்படி மெதுவாகக் கேட்டது எனக்கு இப்போதுதான் காதில் விழுகிறது. அப்போது என் வாயில் வந்தது, "ஆம்பளைன்னா வெளிய நூறு இருக்கும்" என்பது. இதை எங்கே கேட்டேன் என்று தெரியவில்லை, சலூனில் எவனோ சொன்னதாக இருக்கும். நேவியா என் சூப்பை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினாள். பெட்டியைக் கட்டினாள். "உங்க அக்கா வீட்டுக்குப் போறேன். உங்க நூறையும் நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லி, இல்லாத வாசல்படியைத் தாண்டிக் குதித்துப் போய் பஸ் ஏறிவிட்டாள். அவள் போன பிறகு அல்பீனா வீட்டுக்குப் போக எனக்கு எந்த முகமும் மிச்சமில்லை. வியாழக்கிழமைப் பாடம் நடக்கவில்லை.

சனிக்கிழமை ஊர் முழுக்க நிலையத்தில். துய்லியோவின் சைக்கிளில் மட்டும் காற்று இறங்கிவிட்டதாம், சாப்பாட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். மாவட்டத் தலைவி அடுத்த நிலையத்தில். நான் புதுச் சட்டையோடு, மாவட்டம் கொடுத்த புதுச் சைக்கிள்மேல் முன்னால். பின்னால் கூட்டத்தில் அல்பீனா, யாரும் அவள் பக்கத்தில் நிற்காமல், கடைசியாக. பாதிரியார் தண்ணீர் தெளித்தார், அதில் பாதி என் கண்ணில். மாத்தியோ என் முதுகைத் தள்ளிவிட்டான். பாலம் நன்றாகப் போனது. சுரங்கமும் நன்றாகப் போனது. ரிப்பன் தெரிந்தது. பேண்டு வாசிக்க ஆரம்பித்தது. மாவட்டத் தலைவி கத்தரியைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். அப்போதுதான் எனக்கு நிறுத்தத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

ரிப்பனை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போனேன். தலைவியின் சிரிப்பு அப்படியே இருந்தது, முகம்தான் மாறியது. "தலைவரே!" என்று யாரோ கத்தினார்கள். நான் கையை ஆட்டினேன், விழப் போனதால் ஆட்டினது, அது வணக்கம் சொன்ன மாதிரி இருந்திருக்கிறது. அந்த நிலையத்திலிருந்து தடம் கடலைப் பார்த்து இறங்குகிறது அக்கா, ரொம்ப மெதுவாக, ரயில் எஞ்சினுக்குச் சிரமம் இல்லாத மாதிரி. அந்தக் காலத்து எஞ்சினீயர்களை அன்று நான் திட்டின திட்டு. இதுவும் நிகழ்ச்சியில் உள்ளது போல என்று நினைத்துக்கொண்டு ஊர் என் பின்னால் வந்தது. டிவிக்காரர்கள் படம் எடுத்ததால் மாவட்டத் தலைவியும் யாரிடமோ சைக்கிளைப் பிடுங்கி ஏறிவிட்டார். சாப்பாட்டு வண்டி பக்கத்து ரோட்டில் முட்டைப் பொரியலோடு துரத்தியது. திராட்சைத் தோட்டங்கள் போயின. ஒரு கிராமம் போனது, அங்கே எங்களுக்குக் கை தட்டினார்கள். அடுத்த கிராமத்தில் ஒரு பாட்டுக் கோஷ்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது, எங்களுக்காக என்று நினைத்து நான் கண் கலங்கினேன். கடைசியில் பாதை வேலை இன்னும் முடியாத இடத்தில் பொடிக்கல் மலை மாதிரி குவிந்து கிடந்தது. அதற்குள் போய்ச் சொருகி நின்றேன். நின்ற பிறகு, மெதுவாக, பக்கவாட்டில் சாய்ந்தேன்.

எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். துய்லியோ வண்டியிலிருந்து இறங்கி, "என்ன தலைவரே, அடுத்த சுரங்கம் எங்க இருக்குன்னு தேடுறீங்களா? அல்பீனா, ஓடி வா, உன் ஆளு காத்துக்கிட்டிருக்காரு!" என்றான். சிரிப்பு. டிவிக்காரர்களும் சிரித்தார்கள். அல்பீனா கடைசியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் சிவந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் ஒரு வரியில் அவள் பேர் மீண்டிருக்கும். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்த நாளெல்லாம் இந்தப் பெண் ரொட்டி வாங்க வெளியே வரவில்லை என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. மூக்கில் ரத்தம் வழிய அந்தக் கல் குவியல்மேலே ஏறினேன். இரண்டு தரம் சறுக்கி மூன்றாவது தரம் ஏறினேன்.

"எனக்கு சைக்கிள் விடத் தெரியாது!" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை.

"பொறந்ததுலேர்ந்து தெரியாது. கைய தூக்குங்கடான்னு சொன்னேனே, நான்தான் தூக்கியிருக்கணும். இந்தம்மா காலங்காத்தால வந்து எனக்குக் கத்துக் குடுத்துச்சு. சுரங்கத்துல நடந்தது அதுதான். வேற எதுவும் இல்ல. ஊர் தப்பாப் பேசுனப்ப நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன், எனக்கு அது பெருமையா வேற இருந்துச்சு. தூ!"

பேண்டுக்காரர்களில் பெரிய குழல் ஊதுகிறவன் ஓடி வந்த மூச்சைக் குழலுக்குள் விட்டான், அது ஒரு மாதிரி சத்தம் போட்டது. அப்போது பின்னாலிருந்து அல்பீனா சொன்னாள்:

"நிறுத்தத் தெரியாதுன்னு சொல்லுங்க எர்மானோ. விடத் தெரியாதுன்னு சொல்லாதீங்க. நான் ஒழுங்காத்தான் கத்துக் குடுத்திருக்கேன்."

அதற்கு விழுந்த சிரிப்பு வேறு மாதிரி சிரிப்பு. மாவட்டத் தலைவி போய் அல்பீனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முட்டைப் பொரியலை அந்தக் கல் குவியல்மேலேயே வைத்துச் சாப்பிட்டோம். சாயங்காலம் மாத்தியோ யாருக்கும் தெரியாமல் அல்பீனா வீட்டுக்குப் போய், தனக்கும் தெரியாது, கற்றுக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறான். அவன் வாசலில் நிற்கும்போதே துய்லியோ வந்திருக்கிறான். காற்று இறங்கின சைக்கிள்காரன்! நாளைக் காலையிலிருந்து நாங்கள் மூன்று பேரும் சுரங்கத்துக்குப் போகிறோம். வம்பு பேச ஊரில் ஆள் மிச்சமில்லை.

ஆகவே அக்கா, நான் கேட்பது இதுதான். நீ நேவியாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தன் புருஷன் துரோகி என்று நினைத்து அழுதுகொண்டிருப்பாள். இல்லை, வெறும் பயந்தாங்கொள்ளிதான் என்று சொல். நான் தலைவர் பதவியை விட்டுவிட்டேன் என்று சொல். அவள் இல்லாமல் கோழிகள்கூட என்னை மதிக்கவில்லை என்று சொல். இதையெல்லாம் நீதான் முதலில் சொன்னதாக இருக்கட்டும், என் வாயால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அத்தானின் காலுக்கு ஆண்டவர் அருள் கிடைக்கட்டும். உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். கிளிக்கு என் அன்பைச் சொல்.

உன் அசட்டுத் தம்பி,
எர்மானோ

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்யாதே. தபால்தலை தேடிக்கொண்டிருக்கும்போது நேவியா உள்ளே குதித்தாள். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி நின்றபடியே முழுக்க வாசித்தாள். "ஒன்றும் தெரியாது" என்ற இடத்தில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அல்பீனா அந்த 'யோசிச்சுச் சொல்றேன்' என்ற நாளே நேராக இவளிடம் வந்து, உன் புருஷன் இப்படிக் கேட்கிறார், கற்றுக் கொடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். "குடு, புல்லு இருக்குற எடமாப் பாத்து விழ வை" என்று இவளும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். உனக்கும் அது புதன்கிழமை இரவே தெரியுமாம். நீயும் அவளும் அத்தானும் டிவியில் என்னைப் பார்த்தீர்களாம். கிளிகூடச் சிரித்ததாம்.

"அப்புறம் எதுக்குடி போனே?" என்றேன்.

"நான் உங்ககிட்ட கேட்டேன். 'தெரியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரல. அதுக்குப் பதிலா நான் ஏமாந்த பொண்டாட்டின்னு ஊர் முன்னாடி நிக்கட்டும்னு விட்டீங்க. இத்தனை வருஷம் கூட இருந்துட்டு என்கிட்ட எதுக்கு வெக்கம்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பிறகு கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, "வேற என்னல்லாம் தெரியாது உங்களுக்கு?" என்று கேட்டாள்.

நீச்சல் தெரியாது என்றேன். கல்யாணத்தன்று ஆடக் கூப்பிட்டபோது கால் சுளுக்கு என்றேனே, சுளுக்கு இல்லை, ஆடத் தெரியாது என்றேன். நேவியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ம், சொல்லுங்க."

நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் அக்கா.